மீட்டர் கண்ணாடி உடைந்த வழக்கு

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் பதினாறு வருடமாக வெங்காயம் ஆய்ந்துவந்த கண்ணம்மாளுக்கு, அடி என்றால் எல்லாம் ஒரே அடி என்றுதான் நினைப்பு. அடியிலும் மேல்வரிசை, கீழ்வரிசை உண்டு, எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது வலியை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை என்று 1999 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமையன்று அரசாங்கம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவள் புருசன் உடையப்பன் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகு பார்ப்பவன். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற ஆள். வெளியாளிடம் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆட்டைக்கூட அடிக்காமல் தட்டித்தான் ஓட்டுவான். அன்றைக்குச் சந்தை இல்லாததால் வீட்டில் இருந்தான். பத்தரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவனின் தட்டில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

“வெஞ்சனம் எங்க?”

“பேட்டையில விடியக்காலையே ரெண்டு லோடு எறங்கிருச்சு, இப்பத்தான் வாரேன். செத்த நேரம் பொறுங்க, முட்டை ஊத்தித் தாரேன்.”

கதவு மூலையில் மம்பட்டி கழன்ற கணை ஒன்று, வெறும் மரப்பிடி, சாத்தியிருந்தது. முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க வலதுகையைத் தூக்கினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்றாவதுக்கு அவன் ஓங்கிய நேரத்தில்தான், “மீட்டரு” என்று குரல் கொடுத்தபடி சேவியர் வாசலுக்குள் கால் வைத்தார்.

சேவியர் மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுப்பவர். அந்தத் தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். கணை அவருடைய இடதுகைச் சுண்டுவிரலை உரசிக்கொண்டு போய், கதவுக்கு மேலே சுவரில் இருந்த மீட்டரில் இறங்கியது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

உடையப்பன் கணையைக் கீழே போட்டான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டான்.

“சார், மன்னிச்சுக்கங்க சார். உங்கள அடிக்கணும்னு அடிக்கல. இவளத்தான் சார் அடிச்சேன்.”

சேவியரின் நகம் பிளந்து ஒரு சொட்டு ரத்தம் நின்றது. கண்ணம்மாள் தரையில் உட்கார்ந்து, தன் கையை வேறு யாருடையதோ போல மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் அவளைத் தாண்டி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சேவியரின் விரலில் பதமாக ஊற்றினான்.

பேட்டையில் அவளோடு வேலை பார்க்கும் காதர் பீவிதான் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காயப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு டாக்டரம்மா கேட்டார்:

“அடிச்சது தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?”

“பதினெட்டு வருசமாத் தெரியும்.”

டாக்டரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ‘தெரிந்த நபர் ஒருவரால், மரக்கட்டையால்’ என்று எழுதினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “எலும்பு ரெண்டாப் போயிருக்கு. சட்டத்துல இதுக்குக் கொடுங்காயம்னு பேரு. நேரா ஸ்டேசனுக்குப் போங்க. கேசு போட்டே ஆகணும்.”

அந்த டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

மாவுக்கட்டோடு கண்ணம்மாளும் கூடவே காதர் பீவியும் மேட்டுக்கிணறு காவல் நிலையத்துக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே கூட்டம். சேவியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுண்டுவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அவர் ஆபீஸ் இன்ஜினீயர், சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். எல்லாருக்கும் டீ வந்திருந்தது. ஏட்டு கருப்புசாமி நாலாவது பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது ஒரு பிரிவு. பணியிலிருந்த அரசு ஊழியருக்குக் காயம் விளைவித்தது ஒரு பிரிவு. பொதுச் சொத்தாகிய மின்மானியைச் சேதப்படுத்தியது தனிச் சட்டம். அதற்குச் சுலபத்தில் ஜாமீன் கிடையாது என்று இன்ஜினீயரிடம் ஏட்டு ஆறுதல் சொன்னார்.

பிறகு கண்ணம்மாள் பக்கம் திரும்பினார். “உனக்கு என்னம்மா?”

“அதே ஆளு, அதே கணைதான் சார். எனக்குக் கை முறிஞ்சிருச்சு.”

ஏட்டு புதுத் தாள் ஒன்று எடுத்தார். “அடிச்சவன் உனக்கு என்ன வேணும்?”

“எம் புருசன்.”

ஏட்டு தாளை எடுத்த இடத்திலேயே வைத்தார். பேனாவை மூடினார். “அப்ப இங்க எதுக்கு வந்த? மகளிர் ஸ்டேசனுக்குப் போ.”

“அந்த சாருக்கு எழுதுனீங்களே சார். அந்த அடியும் எனக்கு வந்த அடிதான். அவரு குறுக்க வந்துட்டாரு.”

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் அறைக்குள்ளிருந்து வந்தார். பொதுமக்களுக்குச் சட்ட விழிப்புணர்வு ஊட்டுவதில் ஆர்வம் உள்ளவர். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடுவார்கள். மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, பொறுமையாக விளக்கினார்.

“இங்க பாரும்மா. ரோட்டுல போற ஒருத்தன இன்னொருத்தன் அடிக்கிறான். எதுக்கு அடிச்சான்னு நமக்குத் தெரியாது. அதனால விசாரிக்கணும். விசாரிக்கணும்னா கேசு போடணும். ஆனா புருசன் பொண்டாட்டிய அடிச்சா, எதுக்கு அடிச்சான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச விசயத்துக்கு எதுக்கு விசாரணை?”

“எதுக்கு சார் அடிச்சாரு?” என்றாள் கண்ணம்மாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஏதாச்சும் இருக்கும்ல” என்றார் இன்ஸ்பெக்டர். “வெளியாள அடிச்சா அது குத்தம். வீட்டாள அடிச்சா அது பிரச்சினை. குத்தத்துக்கு எஃப்.ஐ.ஆர். பிரச்சினைக்கு அறிவுரை. டிபார்ட்மெண்டுல ரெண்டுக்கும் தனித்தனி நோட்டே இருக்கு.”

காதர் பீவி அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்தாள். “அப்ப மீட்டரு, சார்?”

“மீட்டரு கவர்மெண்டும்மா.”

“அதுவும் அந்த வீட்டுக்குள்ளதான சார் இருக்கு? பதினெட்டு வருசமா அங்கதான இருக்கு?”

“வீட்டுக்குள்ள இருந்தாலும் அது வீட்டாளு இல்ல” என்றார் இன்ஸ்பெக்டர். இன்ஜினீயர் தலையாட்டினார்.

கண்ணம்மாளும் காதர் பீவியும் வெளிவாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஏட்டு கருப்புசாமி பின்னாலேயே ஓடி வந்தார். இந்தத் தடவை, “வாங்கம்மா, உள்ள வாங்க” என்றார். நாற்காலி போட்டார்கள். அவளுக்கும் டீ வந்தது. சேவியரின் வழக்குக்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும். சம்பவ இடத்தில் இருந்த ஒரே ஆள் கண்ணம்மாள்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருந்தது. அடிபட்டவளாக நின்றபோது கிடைக்காத டீ, அடி பார்த்தவளாக உட்கார்ந்ததும் கிடைத்தது.

ஏட்டு அவள் சொல்லச்சொல்ல எழுதினார். அவள் எட்டாவது வரை படித்தவள். எழுதியதை வாங்கிப் பார்த்தாள். ‘சம்பவத்தன்று காலை நான் என் வீட்டில் இருந்தபோது, மேற்படி எதிரி கையில் மம்பட்டிக் கணையுடன் நின்றிருந்ததைக் கண்டேன். அவ்வமயம் மின்கணக்கீட்டாளர் சேவியர் என்பவர்…’

“சார், கணைய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னாருன்னு இருக்கு. அதுக்கு முன்னாடி என்னைய ரெண்டு அடி அடிச்சாரே.”

“அது இந்தக் கேசுக்குத் தேவையில்லம்மா.”

“தேவையில்லாட்டியும் நடந்துச்சே சார்.”

“நடந்ததெல்லாம் எழுதப் பேப்பர் பத்தாது. கையெழுத்துப் போடு.”

கண்ணம்மாள் மாவுக்கட்டைக் காட்டினாள். ஏட்டு அலுத்துக்கொண்டு மைப்பெட்டியை எடுத்தார். அவளுடைய இடதுகைப் பெருவிரலை உருட்டிவிட்டு, ஓரத்தில் எழுதினார்: ‘சாட்சியால் கையொப்பமிட இயலாததால் கைரேகை பெறப்பட்டது.’ அந்த நிலையத்தில் அவள் கை முறிந்ததற்கு இருந்த பதிவு அந்த ஒரு வரிதான். ஏன் இயலவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

உடையப்பனைச் சாயங்காலமே பிடித்து ரிமாண்டில் வைத்தார்கள்.

மறுநாள் கண்ணம்மாள் போன மகளிர் காவல் நிலையத்தின் சுவரில் ‘குடும்பம் ஒரு கோயில்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கனிவானவர். கண்ணம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவினார். அடிபட்ட முதுகு என்பதால் கண்ணம்மாள் நெளிந்தாள்.

“நானும் பொம்பளதான். எனக்குப் புரியாதா? சொல்லு, வரதட்சணை கேட்டாரா?”

“இல்ல மேடம்.”

“நகை, வண்டி, ஏதாச்சும்?”

“வெஞ்சனம் கேட்டாரு.”

இன்ஸ்பெக்டர் அம்மா கையிலிருந்த படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “வெஞ்சனத்துக்கு இதுல கட்டம் இல்ல. வரதட்சணைன்னா நான் இப்பவே சிவியராப் போடுவேன். நல்லா யோசிச்சுப் பாரு. பதினெட்டு வருசத்துல ஒண்ணுமா கேக்கல?”

கண்ணம்மாள் உண்மையாகவே யோசித்தாள். “ஒரு வாட்டி எங்கப்பன்கிட்ட ஒரு கெடாக்குட்டி கேட்டாரு மேடம். வெலையக் குடுத்துத்தான் ஓட்டிட்டு வந்தாரு.”

இன்ஸ்பெக்டர் அம்மா ஏமாற்றத்தோடு படிவத்தை மடித்தார். “அப்ப இது வெறும் அடிதான். கவுன்சலிங்ல பாத்துக்குவோம். வெள்ளிக்கிழமை புருசனக் கூட்டிக்கிட்டு வா.”

“அவரு ஜெயில்ல இருக்காரு மேடம்.”

“உன்னைய அடிச்சதுக்கா?”

“மீட்டர அடிச்சதுக்கு.”

அது வேறு நிலையத்து விவகாரம் என்பதால் அவர் அதில் தலையிடவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணம்மாள் மட்டும் போனாள். ‘எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை’ என்று எழுதினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே எழுதினார்கள். இரண்டு நாளும் பேட்டையில் அவளுக்கு வேலை போயிற்று. ஒரு கையை வைத்துக்கொண்டு பெரிதாக என்ன வேலை என்பது வேறு. மூன்றாவது வெள்ளிக்கிழமை காதர் பீவியையும் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

“நீ ஜாமீன் போட்டு அவர வெளிய எடு. இங்க கூட்டியா. இனிமே அடிக்க மாட்டேன்னு நான் எழுதி வாங்குறேன்.”

“எழுதிக் குடுத்துட்டு அடிச்சா, மேடம்?”

“திரும்ப எழுதி வாங்குவேன்” என்று பின்னால் இருந்த பீரோவைக் காட்டினார். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள்கள். “எல்லாம் எழுதிக் குடுத்ததுதான். ஆர்.எம். காலனிப் பக்கம் ஒருத்தரு பதினோரு வாட்டி எழுதிக் குடுத்துருக்காரு. இந்த வருசம் நாங்க சேத்து வச்ச குடும்பம் எரநூத்திப் பன்னெண்டு. மாவட்டத்துலயே முதல் எடம்.”

“அந்தப் பதினொண்ணும் எரநூத்திப் பன்னெண்டுல சேந்ததா மேடம்?” என்று கேட்டாள் காதர் பீவி.

“ஒவ்வொரு வாட்டியும் சேத்து வச்சோம்ல” என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

கண்ணம்மாள் ஜாமீன் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் அவள் அரசாங்கத்துக்கு முதன்முதலாகச் சொன்ன ‘மாட்டேன்’ அது. ‘மனுதாரர் ஒத்துழைக்காததால் மனு முடித்து வைக்கப்பட்டது’ என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே மின்சார ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் பொறுப்பில் விடப்பட்டிருந்த மின்மானியை எதிரியிடமிருந்து பாதுகாக்கத் தவறியது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். ஒன்பதாவது படிக்கும் மகள் தமிழ்மதியை உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னாள் கண்ணம்மாள். “ஐயா, என்னையவே பாதுகாக்க முடியல. அது மட்டும் எழுது, போதும்.”

விளக்கம் ஏற்கப்பட்டதா என்று தெரியவில்லை. ஆனால் புது மீட்டர் வந்தது. இரும்புக் கூண்டு போட்டு, அதற்குப் பூட்டும் போட்டார்கள். சேவியர்தான் நின்று பூட்டிப் பார்த்தார். “இனிமே யாரு கட்டையத் தூக்குனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா” என்றார். சொன்ன பிறகு அவர் கண் அவளுடைய மாவுக்கட்டுக்குப் போனது. அவருடைய விரல் காயம் ஆறி, தழும்புகூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டுப் பிரித்தபோது கை கோணலாகச் சேர்ந்திருந்தது. அரிவாள்மனையில் வெங்காயத் தாளை நறுக்கும்போது மணிக்கட்டு திரும்பவில்லை. இடதுகையால் பழகினாள். பழகும்வரை காதர் பீவி தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போட்டாள். உடையப்பனை அவன் அண்ணன் ஜாமீனில் எடுத்து அய்யலூரில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பக்கம் வந்தால் சாட்சியைக் கலைத்ததாகிவிடும் என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்ததால் அவன் வரவில்லை. பொண்டாட்டி என்பதற்காகக் கிடைக்காத பாதுகாப்பு, மீட்டரின் சாட்சி என்பதற்காக அவளுக்குக் கிடைத்தது.

2001 தொடக்கத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. உடையப்பனின் வக்கீல் கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் அரசாங்கத்தின்மீது பெருமதிப்பு வைத்திருப்பவர். இன்றுவரை ஒரு தெருவிளக்கைக்கூட அவர் தொட்டதில்லை. ஓர் அரசு ஊழியரை அடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் கனவிலும் வராது. அன்று அவர் ஓங்கியது தம் சொந்த மனைவியின்மீது மட்டுமே. மற்றது விபத்து.”

கண்ணம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் கேட்ட கேள்விகளில் அவள் அடிபட்டது எங்கேயும் வரவில்லை. வந்துவிடக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். எதிரி வக்கீலோ குரலைத் தாழ்த்தி, இதமாகக் கேட்டார்:

“அம்மா, பயப்படாமச் சொல்லுங்க. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் உங்கள அடிச்சாரா, இல்லையா?”

“கேள்வி வழக்குக்குச் சம்பந்தமற்றது” என்று அரசு வக்கீல் குறுக்கே எழுந்தார். நீதிபதி உட்காரச் சொன்னார்.

ஒன்றரை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்த முதல் அதிகாரப்பூர்வமான ஆள் அவள் புருசனின் வக்கீல்தான். கண்ணம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். வெஞ்சனம் கேட்டதை, முதுகில் விழுந்ததை, கையில் கேட்ட சத்தத்தை. டைப்பிஸ்ட் ஒன்று விடாமல் தட்டினார். வக்கீல் ஒவ்வொன்றுக்கும், “நல்லது, நல்லது” என்றார்.

கடைசியில் நீதிபதி எதிரியைக் கேட்டார். உடையப்பன் கைகூப்பினான்.

“ஐயா, சத்தியமாச் சொல்றேன். எம் பொண்டாட்டியத்தான் அடிச்சேன். ரெண்டு அடி. கையே முறிஞ்சுபோச்சு. மூணாவதும் அவளுக்குத்தான் ஓங்குனேன். சாரு திடீர்னு உள்ள வந்துட்டாரு. அவருமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்கய்யா.”

தீர்ப்பு பதினெட்டுப் பக்கம். எதிரி தம் மனைவியையே தாக்கினார் என்பதும், அதில் அந்த அம்மாளின் கை முறிந்தது என்பதும் ஐயத்துக்கு இடமின்றி விளங்குவதால், அரசு ஊழியரைத் தாக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. ஆனால் வீட்டுக்குள் கணையைச் சுழற்றும் ஒருவர், மீட்டர் உடையக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஆகவே பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை.

“ஒரு கண்ணாடிக்குப் போயி ஒரு வருசமா” என்று உடையப்பன் வண்டியில் ஏறும்போது அழுதான்.

கண்ணம்மாள் மனுப்போட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கினாள். கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவளை, இலவச சட்ட உதவியில் வேலை பார்த்த இளவேனில் என்ற வக்கீல் பார்த்தாள். கோட்டு போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆன பெண். கோணல் கையைப் பார்த்தாள், நகலை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஜட்ஜு கேட்டப்ப இவரு சொன்னது அப்படியே பதிவாகியிருக்கு. ஒரு கேசுல இப்படிச் சொன்ன பதில வேற குத்தத்துக்கும் எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. இவரா வந்து ஒத்துக்கிட்டாரு.”

“போலீசு மாட்டேன்னுட்டாங்களேம்மா.”

“போலீசு வேணாம். நேரா கோர்ட்டுல நாமளே புகார் குடுப்போம்.”

“புருசன்னு எழுதணுமா?”

இளவேனில் சிரித்தாள். “எழுதிக்கலாம். அதுக்காகக் குத்தம் கொறையாது, அக்கா.”

அதை நம்பித்தான் கண்ணம்மாள் கையெழுத்துப் போட்டாள், இடதுகையால்.

கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு நம்பராகி, இரண்டரை வருடம் நடந்தது. அதே எதிரி, அதே வக்கீல். இந்தத் தடவை வக்கீல் வேறு மாதிரி ஆரம்பித்தார். “கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரர் தம் மனைவிமீது ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.” இளவேனில் பழைய வழக்கின் தாள்களை எடுத்து, அவர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அன்றைக்குப் பேசிய பேச்சைச் சத்தமாகப் படித்தாள். அந்தச் சிறிய வீட்டில் குளியலறையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மாற்றலாகிப் போயிருந்த டாக்டரம்மா தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சாட்சி சொன்னார். சேவியர் யாரும் கூப்பிடாமலே வந்தார். “என்னைய அடிச்சதா நாலு பக்கம் எழுதுனாங்கய்யா. எனக்கு நகம்தான் போச்சு. இந்தம்மா கை தொங்குனத நான் பாத்தேன். அன்னிக்கே சொல்லிருக்கணும். யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றார்.

2003 நவம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று பத்துக்குப் புதிய நீதிபதி தீர்ப்பு வாசித்தார். உடையப்பன் குற்றவாளி.

கண்ணம்மாள் காதர் பீவியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தண்டனைக்குமுன் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். “குடும்பம் என்பது புனிதமானது. கணவன் மனைவிக்குள் நடப்பதை வெளியாட்களின் சண்டையைப் பார்க்கும் கண்ணால் இந்த நீதிமன்றம் பார்க்க முடியாது. மேலும், எதிரி ஏற்கெனவே மீட்டருக்காக ஓராண்டு சிறையிலிருந்து திருந்தியிருக்கிறார். இவற்றையெல்லாம் கருதி, நீதிமன்றம் கலையும்வரை எதிரிக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறேன்.”

இளவேனிலின் முகம் செத்துப்போயிற்று. கண்ணம்மாளுக்குப் புரியவில்லை.

“எந்த ஜெயிலும்மா?”

“ஜெயில் இல்லக்கா. இந்த ஹால்லயே ஓரமா உக்காந்திருக்கணும். சாயங்காலம் ஜட்ஜு எந்திரிச்சுப் போனதும் தண்டனை முடிஞ்சது. சும்மா பேருக்கு. மத்தியானமே டீ குடிக்கப் போற மாதிரி போயிருவாங்க, யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“மீட்டருக்கு ஒரு வருசம்” என்றாள் காதர் பீவி. “கைக்கு ஒரு பகல்.”

எதிர்ப்பக்கம் உடையப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, வக்கீலிடம் பல் தெரியப் பேசிக்கொண்டிருந்தான்.

“கோர்ட்டு எத்தன மணிக்குக் கலையும்?” என்றாள் கண்ணம்மாள்.

“அஞ்சே முக்கால் வாக்குல.”

“அம்புட்டு நேரமும் அவரு இங்கதான் இருக்கணும்னு ஜட்ஜு சொல்லிருக்காருல்ல?”

“சொல்லிருக்காரு.”

“அப்ப நானும் இருக்கேன்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒன்றே கால் மணிக்கு நீதிபதி சாப்பாட்டுக்கு எழுந்தார். ஹால் காலியானது. உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். கதவோரம் ஸ்டூலில் கண்மூடியிருந்த போலீஸ்காரரிடம் கண்ணம்மாள் போனாள்.

“ஐயா, குத்தவாளி வெளிய போறாரு.”

“யாரும்மா?”

“அந்தா, வெள்ளச் சட்டை. குத்தவாளி.”

அந்தச் சொல்லை அவள் சத்தமாகத்தான் சொன்னாள். வராந்தாவில் நின்றிருந்த வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் அய்யலூர்ச் சந்தைக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் பார்த்த பிறகு போலீஸ்காரருக்கு வேறு வழியில்லை. உடையப்பனின் புஜத்தைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

“டீ குடிக்கத்தான் போனேன் கண்ணம்மா” என்றான் உடையப்பன்.

மூன்று மணிக்கு அவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். போலீஸ்காரரும் கூடப் போகிறாரா என்று கண்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். போனார். நாலரைக்கு அவன் அண்ணன் வந்து ஜன்னல் வழியே ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவள் போலீஸ்காரரின் ஸ்டூல் பக்கம் பார்வையைத் திருப்பியதுமே பொட்டலம் உள்ளே வராமல் திரும்பிப் போனது. காதர் பீவி அவளுக்கு இரண்டு இட்லி வாங்கிவந்தாள். பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் தின்றாள்.

ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்திருக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கில் இரண்டு வக்கீல்களும் ஆட்டின் காதில் இருந்தது வெட்டா கிழிசலா என்று விடாமல் மோதிக்கொண்டார்கள். மணி ஆறானது. உடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். வக்கீல் ஒருவர் இன்னும் இரண்டு சாட்சி இருப்பதாகச் சொன்னார். நீதிபதி தொடரச் சொன்னார்.

வழக்கு இழுக்கிறதே என்று அந்தக் கட்டடத்தில் சந்தோசப்பட்ட முதல் ஆள் கண்ணம்மாளாகத்தான் இருக்கும்.